பூசையறைப் படத்துக்குக் கருப்பு எடுக்கும் முன்

கடந்த ஆண்டு கார்த்திகை மாதத்தில், திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு சைவக் குடும்பத்தார் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவை நீர்வண்ணத்தில் வரைந்து தர வேண்டும் என்று கேட்டு, பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் நான் நடத்தும் ஓவிய வகுப்புக்கு வந்தார்கள். எந்த ஊரில் வேலையில் இருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்வது எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். அந்த வீட்டு ஆச்சிக்கு 84 வயது. முழங்கால் வலியால் களக்காட்டு மலையடிவாரத்துக் கோயிலுக்கு இனிப் போக இயலாது என்று ஆனபிறகு, சாமியைப் படமாகவாவது பூசையறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவருடைய மகன் விரும்பினார். 22க்கு 30 அங்குல முழுத் தாளில் படம், கூலி 18,000 ரூபாய், முன்பணம் 5,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். அந்தப் படத்துக்காக நான் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு கருப்பு வண்ணத்தால் 7,730 ரூபாயும், ஏறத்தாழ பத்து வாரத்து மாலை நேரங்களும், சில நாள் உறக்கமும் எனக்கு இழப்பாயின. கேட்பதற்கு ஆளில்லாமல் ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சந்நிதியில் படம் எடுக்கக் கூடாது என்பதால், வரைகுறிப்பு ஏட்டுடன் மூன்று முறை அந்தக் கோயிலுக்குப் போய், பூசாரி ஐயாவின் அனுமதியோடு வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க்காப்பு ஏறிய கருங்கல் அது. இடப்பக்கம் ஒரே ஒரு தூண்டாமணி விளக்கு. பூசாரி எண்ணெய் சாத்தித் துணியால் ஒற்றி எடுத்தபின், சாமியின் மடித்த முழங்காலின் மேட்டில் விளக்கொளி தேன் நிறத்தில் ஒரு கோடாக நின்றது; அதற்குக் கீழே, யோகபட்டம், அதாவது யோக இருப்பில் காலைச் சேர்த்துக் கட்டும் பட்டை, முழங்காலைச் சுற்றி வரும் பள்ளத்தில், கருப்பு இருந்தது. அந்தக் கருப்பில் நீலம் துளியும் இல்லை. வறுத்த காப்பிக்கொட்டையை உடைத்தால் உள்ளே தெரியும் நிறத்தை இன்னும் பத்து மடங்கு ஆழமாக்கியது போல, செம்மை உள்ளோடிய கருப்பு அது. இந்த வெப்பக் கருப்பு கைகூடாவிட்டால் படத்தில் கல் இருக்கும், சாமி இருக்காது என்று அங்கேயே எனக்குத் தோன்றிவிட்டது.

ஓவியம் பழகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழாயிலிருந்து பிதுக்கியவுடன் எல்லாக் கருப்பும் ஒன்று போலத்தான் தெரியும். தண்ணீர் சேர்த்து நீர்க்க இழுக்கும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். லேம்ப் பிளாக் என்னும் விளக்குக் கரி மிக நுண்ணிய துகள்களால் ஆனது. நீர்க்க இழுத்தால் நீலம் கலந்த சாம்பலாக மாறும். ஐவரி பிளாக் அப்படியன்று, இழுத்த இடத்தில் பழுப்பு தட்டும். ஆகவே கருப்பு வாங்கியவுடன் தாள் துண்டு ஒன்றில் ஒரு முனையில் கெட்டியாக ஒரு பொட்டு வைத்து, மறுமுனை வரை வெறும் தண்ணீரால் இழுத்து, நன்றாகக் காயவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல் விளக்கின் கீழ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் அப்படிப் பார்த்து ஒருமுறை லேம்ப் பிளாக்கையே பழுப்பு என்று நினைத்தேன். இந்தச் சோதனையில் ஐவரி பிளாக்தான் அந்தக் கல்லுக்கு மிக அருகில் வந்தது. அதையே எடுத்தேன்.

முதல் தாளில் விளக்கைச் சுற்றிய ஒளிவட்டத்துக்கு மஞ்சள் பூசி, அது முழுவதும் காயும் முன்பே அருகில் கருப்பைக் கொண்டுபோனேன். மஞ்சளும் கருப்பும் கலந்தால் பாசி படிந்த பச்சை வரும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும், மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அவசரத்தில் கை முந்திவிட்டது. விளக்கின் ஓரம் குளத்து நீர் நிறமாகிவிட்டது. இரண்டாவது தாளில் வேறு பிழை செய்தேன். நீர்வண்ணம் காயும்போது வெளிறும். கருப்பில் அந்த வெளிறல் மற்ற நிறங்களைவிடக் கண்ணை உறுத்தும். ஈரத்தில் கன்னங்கரேல் என்று இருந்த பூச்சு காய்ந்தபின் சிலேட்டுப் பலகை போல ஆனது. அதன்மேல் இன்னொரு பூச்சு, மறுநாள் இன்னொன்று என்று நான்கு பூச்சு ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் கீழ்ப்பூச்சு கொஞ்சம் கரைந்து தூரிகையோடு எழுந்து வந்தது. நான்காம் நாள் அந்த இடம் அடுப்புக்கரி பூசிய சுவர் போல, ஒளி எதுவும் உள்ளே போகாத மங்கலாக நின்றது. தாள் ஒன்று 850 ரூபாய்.

மூன்றாவது தாளில் முறையை மாற்றினேன். முதலில் உருவம் முழுவதற்கும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தை இளம்பூச்சாகக் கொடுத்து, ஒளி விழும் இடங்களை மட்டும் வெள்ளையாக விட்டு, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டேன். மறுநாள் கருப்பை நல்லெண்ணெய்ப் பதத்துக்குக் கரைத்து, ஒரே மூச்சில் ஒரே பூச்சாகப் போட்டேன். ஈரத்தில் பார்க்கும்போது தேவைக்கு மேல் கருத்துவிட்டது என்று மனம் பதறும் அளவுக்குக் கெட்டியாகப் போட்டால்தான் காய்ந்தபின் சரியாக நிற்கும் என்பதை இரண்டு தாள் கெடுத்தபின் கற்றுக்கொண்டிருந்தேன். போட்டபின் தொடவில்லை. காய்ந்து பார்த்தபோது அடியிலிருந்த சியன்னா கருப்புக்குள்ளிருந்து மெல்லக் கசிந்து, அந்த யோகபட்டப் பள்ளம் கோயிலில் பார்த்தபடியே வந்திருந்தது. என் இருபது ஆண்டுப் பழக்கத்தில் இவ்வளவு நிறைவு தந்த பூச்சு வேறு இல்லை. சட்டமிட்டு, தை மாதம் இரண்டாம் வாரத்தில் எடுத்துக்கொண்டு போனேன்.

ஆச்சி படத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி விரலை நீட்டி, முழங்காலின் வளைவை அப்படியே காற்றில் வரைந்தார். பிறகு கேட்டார்: “இந்தக் கருப்பு எதுல செய்தது தாயி? விளக்குக் கரியா?” நான் இல்லை என்றேன். “பின்னே எதுல செய்யுதாக?” அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது ஆண்டாக நான் பயன்படுத்தும் ஒரு பொருள் எதனால் ஆனது என்று எனக்குத் தெரியாமல் இருந்ததை அந்த நொடியில்தான் உணர்ந்தேன். விசாரித்துச் சொல்கிறேன் ஆச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். பாக்கிப் பணத்தை மகன் எடுத்து நீட்டினார். ஏனோ அதை வாங்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து குழாயின் பின்புறத்தைப் படித்தேன். பிபிகே 9 என்று எழுதியிருந்தது. நிறமிகளுக்கு உலகம் முழுவதும் பொதுவாக வழங்கும் கலர் இண்டெக்ஸ் குறியீடு அது. தேடிப் படித்தபோது அது எலும்புக் கரி என்று தெரிந்தது. விலங்கின் எலும்பைக் கொழுப்பு நீக்கி, காற்றுப் புகாத கலத்தில் இட்டுச் சூடாக்கிக் கருக்கி அரைப்பது. அதில் கரி பத்திலிருந்து இருபது விழுக்காடு அளவே. பெரும்பகுதி எலும்பின் கால்சியம் பாஸ்பேட். ஐவரி என்ற பெயர்கூட, முற்காலத்தில் யானைத் தந்தத்தின் கழிவுத் துண்டுகளைக் கருக்கிச் செய்ததால் வந்தது. இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் எலும்புக் கரியே. நான் அதை ஏதோ ஒரு நிறச் சாயலின் பெயர் என்று எண்ணியிருந்தேன். அந்த இரவு நான் உறங்கவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் கருப்பை யாரும் ஆய்வுக்கு அனுப்பப்போவதில்லை. ஆனால் அந்த ஆச்சி தினமும் காலையில் குளித்துவிட்டு அதன் முன்னே விளக்கேற்றி நிற்கப்போகிறார் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன். மகன், நான் அண்ணாச்சி என்று அழைக்கும் அவர், பெருந்தன்மையோடு பேசினார். கருகிக் கரியான பிறகு அதில் எலும்பு என்று எதுவும் மிச்சமில்லை, அதே கோயில் வளாகத்தில் மாடனுக்குக் கிடா வெட்டுகிறார்களே அம்மா என்று ஆச்சியிடம் எடுத்துச் சொன்னார். ஆச்சி கோபப்படவில்லை. “அது மாடனுக்கு. வெட்டுதப்போ சாஸ்தாவுக்குத் திரை போட்டுல்லா வெட்டுதாக” என்றார். அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் அந்தத் திரை எவ்வளவு கவனத்தோடு இழுத்து மூடப்படுகிறது என்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். பங்குனி உத்திரத்துக்குள் வேறு படம் தருகிறேன், கூலி அதேதான் என்று சொல்லிவிட்டு, படத்தைத் திரும்ப எடுத்து வந்தேன். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு அண்ணாச்சி சம்மதிக்கவில்லை.

கருப்பை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் மற்றவையும் வந்தன. நான் பயன்படுத்திய பருத்தித் தாளில் வண்ணம் ஊறிப் பரவாமல் இருப்பதற்காக ஜெலட்டின் ஏற்றியிருந்தார்கள். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. உயர்ந்த வகை நீர்வண்ணத் தாள்கள் பலவற்றில் இது வழக்கம். சில வண்ணங்களில், தாளில் எளிதாகப் பரவுவதற்காக ஆக்ஸ் கால் என்னும் மாட்டுப் பித்தநீர் சேர்ப்பதும் உண்டு. என் பெரிய தூரிகை அணில் முடியால் ஆனது. இதையெல்லாம் படித்தபோது, யாரோ என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போல உணர்ந்தேன். வண்ணங்களைப் பிணைக்கும் பிசின் மட்டும் மரத்திலிருந்து வருவது என்பது ஆறுதலாக இருந்தது. இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு: தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்கும்போது, “உங்கள் பொருள் சைவமா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த எண்ணுள்ள இந்தக் குழாயில் எலும்புக் கரி, பித்தநீர், ஜெலட்டின், தேன் ஆகியவற்றில் எவையேனும் உள்ளனவா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்ட கடிதத்துக்கு எனக்கு நன்றி மட்டுமே வந்தது. பெயர் சொல்லிக் கேட்ட கடிதத்துக்கு நான்கு நாளில் தெளிவான பதில் வந்தது. விலங்குப் பொருள் எதுவும் சேராத பருத்தித் தாள் உண்டு. ஃபாப்ரியானோவின் ஆர்ட்டிஸ்டிகோ அப்படிப்பட்டது. இரண்டு தாள் 1,900 ரூபாய், கூரியருக்கு 250. அணில் முடித் தூரிகைக்குப் பதிலாகச் செயற்கை இழைத் தூரிகை இரண்டு 1,400 ரூபாய்க்கு வாங்கினேன்.

அடுத்து, ஆச்சி கேட்டபடியே விளக்குக் கரியில் செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது. எங்கள் பாட்டி கண்மை செய்யும் முறையில், நல்லெண்ணெய் விளக்கின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடித்தேன். ஆறு இரவுகளில் ஒரு தேக்கரண்டி அளவு சேர்ந்தது. அதைப் பிசின் கரைசலில் போட்டால் கரையாமல் தண்ணீருக்கு மேலே தூசியாக மிதந்தது. விளக்குக் கரி தண்ணீரை ஏற்காது. சில துளி ஸ்பிரிட் விட்டுக் குழைத்தபின்தான் இறங்கியது. கண்ணாடிப் பலகையில் இரண்டு நாள் அரைத்தேன். கடைசியில் தாளில் இழுத்துப் பார்த்தால், மேலே சொன்ன அதே நீலச் சாம்பல். சிரட்டைக் கரியையும் அரைத்துப் பார்த்தேன். அதுவும் வெப்பம் இல்லாத கருப்புதான், அதோடு எவ்வளவு அரைத்தாலும் நறநறவென்றே இருந்தது. இரண்டு வாரம் போயிற்று. அந்த நாள்களில் இன்னொன்றும் நடந்தது. வீட்டு போர் தண்ணீரில் கலந்த கரி, திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாகத் தாளில் ஒதுங்கியது. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிப் பயன்படுத்தியபோது அந்தத் தொல்லை இல்லை. கருப்பு ஒழுங்காகப் படியவில்லை என்று வண்ணத்தைக் குறை சொல்லும் முன் தண்ணீரை மாற்றிப் பார்ப்பது நல்லது. உப்புத் தண்ணீர் வரும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

காலம் குறைந்துகொண்டே வந்த பதற்றத்தில் இன்னோர் ஏமாற்றமும் சேர்ந்தது. இணையத்தில் ஒரு கடையில் வெப்பக் கருப்பு என்ற பெயரில் ஒரு குழாய் 480 ரூபாய்க்கு இருந்தது. எலும்பு இல்லை என்றும் சொன்னார்கள். வந்த குழாயில் நிறமிக் குறியீடே இல்லை. பலமுறை கேட்டபின் வந்த பதிலில், பழுப்பு மண்ணும் பிபிகே 9உம் கலந்தது என்று இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. பெயரை நம்பி வாங்காதீர்கள் என்று இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கருப்பு என்று பெயர் இல்லாத குழாய்களிலும் எலும்புக் கரி இருக்கக்கூடும். செப்பியா, பேய்ன்ஸ் கிரே, நியூட்ரல் டிண்ட் போன்றவை பெரும்பாலும் கலவை நிறங்கள், அவற்றில் எந்தக் கருப்பு சேர்ந்திருக்கிறது என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் மாறும். குறியீட்டில் பிபிகே 9 என்றால் எலும்பு. பிபிகே 6, பிபிகே 7 என்றால் கரிப்புகையால் ஆன குளிர்ந்த கருப்பு. பிபிகே 11 என்றால் இரும்பு. குறியீடு அச்சிடாத குழாயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இனி நான் தொடுவதில்லை.

அந்த பிபிகே 11தான் எனக்கு முதல் வழியைக் காட்டியது. மார்ஸ் பிளாக் என்று அழைக்கப்படும் செயற்கை இரும்பு ஆக்சைடு அது. நம் தேரிக்காட்டு மணலைச் சிவப்பாக்கி வைத்திருப்பதும் இரும்பு ஆக்சைடுதான்; அதே இரும்பு ஆக்சிஜனோடு வேறு விகிதத்தில் சேரும்போது கருப்பாகிறது. எலும்பு இல்லை, கரியும் இல்லை, ஆனால் நீர்க்க இழுத்தால் பழுப்பு ஓடுகிறது. 1,150 ரூபாய் கொடுத்து வாங்கியதை முதன்முதலாகத் தாளில் விட்டபோது நடந்ததை நான் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் காட்டியிருக்கிறேன். ஈரப் பூச்சில் துகள்கள் ஒன்றையொன்று தேடி ஒதுங்கி, தாளின் பள்ளங்களில் குருணை குருணையாகப் படிந்தன. தாளுக்கு அடியில் ஒரு காந்தத்தை வைத்து மெல்ல நகர்த்தினால், ஈரம் இருக்கும்வரை கருப்பும் கூடவே மயிர்க்கோடுகளாக நகர்ந்து வந்தது. காய்ந்தபின் அது உளி கொத்திய கல்லைப் போலவே இருந்தது. கருவறைச் சுவருக்கும் பீடத்துக்கும் இதைவிடப் பொருத்தமான வண்ணம் கிடையாது. ஆனால் சாமியின் திருமேனிக்கு இது உதவவில்லை. எண்ணெய் ஏறி வழவழப்பான கல்லில் குருணை தெரியக் கூடாது. தெரிந்தால் காப்புச் சாத்தாத சாமி போல வறண்டு நிற்கும்.

திருமேனிக்கான கருப்பு, கடைசியில், கருப்பே இல்லாத இரண்டு வண்ணங்களிலிருந்து கிடைத்தது. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைன் நீலமும். ஒன்று சுட்ட மண்ணின் நிறம், மற்றொன்று நீலம். இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக் கருப்பாகின்றன. சியன்னா சற்று மேலோங்கினால் வெப்பக் கருப்பு, நீலம் மேலோங்கினால் குளிர்ந்த கருப்பு. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுப்பார்கள், நானும் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் இவ்வளவு ஆழமான இருட்டு அதிலிருந்து வரும் என்று நான் நம்பியதில்லை, ஏனென்றால் நான் எப்போதும் அதைத் தண்ணீராகவே கலந்துவந்தேன். குழாயிலிருந்து நேராக எடுத்து, தண்ணீரைத் துளித்துளியாக மட்டும் சேர்த்துக் குழைத்தால், எலும்புக் கரிக்கு நிகரான ஆழம் வருகிறது. அதோடு இரண்டுமே ஒளி ஊடுருவும் தன்மை உள்ளவை என்பதால் அந்த இருட்டுக்குள் கண் போய்வர முடிகிறது. எலும்புக் கரி வெல்வெட்டுத் துணி போல ஒளியை விழுங்கிவிடும். எண்ணெய் ஏறிய கல்லுக்கு வேண்டியது கண் போய்வரும் இந்த இருட்டுதான். இந்த அல்ட்ராமரைன், முன்பு வெள்ளை வேட்டிக்குப் போட்டுவந்த சலவை நீலப் பொடியில் இருந்த அதே பொருள். களிமண், சோடா, கந்தகம் ஆகியவற்றைச் சூளையில் சுட்டுச் செய்வது. ஒரு எச்சரிக்கை: அதற்குப் புளிப்பு ஆகாது, அமிலம் பட்டால் நிறம் இழக்கும். பூசையறையில் மாட்டும் படம் கண்ணாடிக்குள் இருப்பதும், கற்பூரத் தட்டுக்கு நேர் மேலே இல்லாமல் தள்ளி மாட்டுவதும் எப்படியும் நல்லது.

படத்தைப் போட்டது மாசிக் கடைசி, பங்குனித் தொடக்கம். நெல்லை வெயிலில் நீர்வண்ணம் எவ்வளவு பாடுபடுத்தும் என்பது வரைந்தவர்களுக்குத் தெரியும். பூச்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து, நடுவே விளிம்புக்கோடு விழுந்துவிடும். கருப்பில் அந்தக் கோட்டை மறைக்கவே முடியாது. ஆகவே காலை ஐந்து மணிக்கு, மின்விசிறியை அணைத்துவிட்டு, தளத்தில் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியை ஜன்னலில் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். தேவையான கருப்பு முழுவதையும் முதலிலேயே ஒரே கிண்ணத்தில் கலந்துகொண்டேன். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் விகிதம் மாறி, ஒரு தோள் வெப்பமாகவும் மறுதோள் குளிர்ந்தும் நிற்கும். சியன்னா அடிப்பூச்சு முன்நாளே காய்ந்திருந்தது. கருப்பைப் போட்டு, ஈரம் மின்னிக்கொண்டிருக்கும்போதே விளக்கு இருக்கும் பக்கத்தில் தனிச் சியன்னாவைத் தூரிகை நுனியால் விட்டேன். மறுபக்கத்துக்குச் சிறிது நீலம். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு நாள் கழித்து, காதுக்குப் பின்புறம், கைவிரல் இடுக்கு, யோகபட்டப் பள்ளம் என்று ஐந்து இடங்களில் மட்டும் மிகக் கெட்டியான கலவையை ஒவ்வொரு தொடுதலாக வைத்தேன். தேய்க்கவில்லை, திரும்பத் தொடவில்லை. முதல் தாளிலேயே வந்துவிட்டது. இன்னொரு தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பங்குனி உத்திரத்துக்கு நான்கு நாள் முன்னதாகப் படத்தைக் கொண்டுபோனேன். பழைய சட்டத்தையே பயன்படுத்திக்கொண்டதால் அந்தச் செலவு மட்டும் மிஞ்சியது. ஆச்சி இம்முறை படத்தைப் பார்க்கும் முன்பே கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்: சுவரும் பீடமும் இரும்பு, சாமியின் மேனி சுட்ட மண்ணும் வேட்டி நீலமும், தாள் பருத்தி, பசை மரப்பிசின், தூரிகைகூட மயிர் இல்லை, நைலான். வேட்டி நீலம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தூரிகையைப் பற்றிச் சொன்னதும் வியப்போடு என்னைப் பார்த்தார். “தூரிகை மயிரா இருந்தா என்ன தாயி? சாமிக்கு வீசுத சாமரம் என்னது, மயிருதானே?” அந்த 1,400 ரூபாயை நான் செலவழித்திருக்க வேண்டியதில்லை. எது ஆகும், எது ஆகாது என்பதை அவருக்குப் பதிலாக நானே முடிவு செய்துகொண்டு வாரக்கணக்கில் தவித்திருக்கிறேன். தை மாதத்திலேயே ஒரு மாலை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தால் அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். சாமி படம் வரைய ஒப்புக்கொள்பவர்கள், வேலையைத் தொடங்கும் முன் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கு வேறு.

முதல் படம் இப்போது என் வகுப்பில் இருக்கிறது. எலும்புக் கரியை நான் விட்டுவிடவில்லை. குறுக்குத்துறை ஆற்றில் குளிக்கும் எருமைகளை வரைய அதைவிட நல்ல கருப்பு எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது என்னிடமிருந்து போகும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும், தாள், நிறமிக் குறியீடுகள், அவை எதனால் ஆனவை என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டை ஒட்டுகிறேன். அந்தச் சீட்டை முதலில் ஒட்டியது ஆச்சியின் படத்துக்குத்தான். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டத்தைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு ஆணி அடிக்கச் சொன்னார்.